சிற்றூர் வணிகரும் அவர்தம் விளம்பர முறைகளும்



விளம்பரம் என்றதும் அச்சடித்த பக்கமும் ஒளிவீசும் பலகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், தன்னிடம் இன்ன பொருள் உண்டு, அது நல்ல பொருள் என்று பிறருக்கு அறிவிக்கும் முயற்சி, தமிழ் நிலத்துக்கு அச்சுப்பொறி வருவதற்குப் பன்னூறு ஆண்டுகள் முந்தியது. பெருநகர வணிகரின் வரலாற்றை எழுதினோர் பலர். சந்தை கூடும் சிற்றூர்களிலே கடை வைத்திருந்தோர் எவ்வாறு தம் பொருளை நாடறியச் செய்தனர் என்பதை, யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சிறப்பாக மனத்திற்கொண்டு, இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் பழந்தமிழ் நூல்கள் தரும் சான்றுகளை நோக்குவோம். காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களிலே பலவகைக் கொடிகள் பறந்தமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. கள் விற்கும் மனையின் வாயிலிலும் ஒரு கொடி பறந்தது. எழுத்தறியாதவனும் கண்டு தெளியத்தக்க அக்கொடியே அன்றைய பெயர்ப்பலகை. அதே நகரில் இறங்கிய பொதிகளின் மேல் உரியவர் பெயரும் அளவும் பொறிக்கப்பட்டிருந்தன எனச் சிலப்பதிகாரத்தால் அறிகின்றோம். இது கண்ணுக்குரிய விளம்பரம். செவிக்குரிய விளம்பரத்தை அகநானூறு காட்டுகின்றது. உமணர் மகள் சேரிதோறும் சென்று, நெல்லுக்கு ஒத்த அளவாக உப்பைத் தருவேன் என்று கூவுகின்றாள். பொருள் இன்னது, விலை இன்னது என்ற இரண்டும் அக்கூவலில் அடங்கிவிட்டன. இன்றைய விளம்பரங்கள் பலவற்றில் விலை மட்டும் மறைந்துகொள்வதை எண்ணும்போது, அவளுடைய நேர்மை நம்மை வியக்க வைக்கின்றது.

இந்தக் கூவல் மரபு நம் ஊர்களிலே நெடுங்காலம் நிலைத்தது. சுன்னாகம், சாவகச்சேரி போன்ற சந்தைகளில், குவித்து வைத்த பொருளுக்குப் பின்னே அமர்ந்தவரின் குரலே வாங்குவோரை ஈர்த்தது. சந்தைக்குப் போக இயலாதவரை நாடி வணிகரே வீட்டு வாயிலுக்கு வந்தனர். புடைவைப் பொட்டணியைத் தோளிற் சுமந்தவர், காப்பு விற்பவர், அம்மி பொளிபவர் எனப் பலர். ஒவ்வொருவருக்கும் தனித்த ஓசையும் இராகமும் உண்டு. அடுக்களையில் இருந்த பெண், படலையைத் திறந்து பாராமலே வந்தவர் யாரென அறிந்துகொள்வாள். பின்னாளில் ஐஸ்பழக்காரரின் மணியும் இவ்வரிசையில் சேர்ந்தது.

கடைவீதியில் நிலையாக இருந்த வணிகருக்கு வேறு முறைகள் இருந்தன. கொத்தால் அரிசியை அளந்தபின் மேலும் ஒரு பிடி அள்ளிப் போடுவது ஒன்று. வாங்க வந்த பிள்ளையின் கையிலே ஒரு துண்டு கற்கண்டு கொடுப்பது மற்றொன்று. அடுத்த முறையும் அதே கடைக்குத்தான் போகவேண்டும் என்று அப்பிள்ளை அடம்பிடிக்கும் என்பது முதலாளிக்குத் தெரியும்! சித்திரைப் புதுவருடத்திலே புதுக்கணக்குத் தொடங்கும்போது வாடிக்கையாளரை அழைத்து உபசரித்தலும், கைவிசேடம் வழங்குதலும், கடையின் பெயர் பொறித்த கலண்டர் கொடுத்தலும் வழக்கமாயின. இலக்குமியின் படத்துடன் சுவரிலே தொங்கிய அந்தக் கலண்டர், ஆண்டு முழுவதும் கூலியின்றி விளம்பர வேலை செய்தது.

அக்கால வணிகருக்குப் பெயரே மூலதனம். கொழும்புச் செட்டியார் தெருவில் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டிமாருக்கு விலாசம் என்ற ஒன்று உண்டு. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அமைத்த குறி அது. தந்தை தேடிய நற்பெயரும் அவர் வாங்கிய பழியும் அந்த எழுத்துக்களின் வழியே மகனைச் சேர்ந்தன. யாழ்ப்பாணத்துச் சுருட்டு வணிகருக்கும் தம் பெயர் அத்தகையதே. அவர்கள் தென்னிலங்கைச் சிற்றூர்கள் பலவற்றிலே கடை திறந்தனர். மொழி வேறுபட்ட ஊரிலே அவர்களுக்காகப் பேசியது சுருட்டின் மணமும், கட்டிலே ஒட்டிய மார்க்கும், கடன் கொப்பியிலே பிழையின்றி எழுதிய கணக்குமே. அறச்செயலும் பெயரை வளர்த்தது. கோயிற் திருவிழா உபயம், கோடையிலே தண்ணீர்ப் பந்தல், வழிப்போக்கருக்கு மடம், சுமைதாங்கி என்பவற்றைச் செய்தோரில் வணிகர் பலர். அவை புண்ணியத்துக்காகச் செய்யப்பட்டன என்பது உண்மை. செய்தவர் கடையைத் தேடி மக்கள் வந்தனர் என்பதும் உண்மையே.

ஆனால், பழமை முழுவதையும் பொன்னென்று போற்றிவிட நம்மால் இயலாது. அரசாணையும் ஏல விற்பனையும் ஊருக்கு அறிவிக்கப்பட்டது பறையொலியால். அந்தப் பறையை முழக்கியவர், சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்கள். வாருங்கள் என ஊரை அழைத்தவருக்கே பல தேநீர்க் கடைகளின் உள்ளே இடமில்லை; வாசலுக்கு வெளியே நின்று வேறு பாத்திரத்திலே குடிக்க வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1960களின் இறுதியிலே குடாநாட்டுத் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் நுழைவதற்குப் போராட்டம் நடத்த நேர்ந்தது. எல்லாரையும் அழைப்பதாகத் தோன்றிய விளம்பரம், உண்மையில் எல்லாரையும் அழைக்கவில்லை. வணிக வரலாற்றை எழுதுவோர் இதனை மறைத்தல் தகாது.

அச்சு வந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. 1841ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனாரின் உதயதாரகை யாழ்ப்பாணத்தில் தோன்றியது. பின்னர் இதழ்கள் பெருகின. சுன்னாகத்திலே தனலக்குமி புத்தகசாலையை நடத்திய நா. பொன்னையா அவர்கள், 1930இல் ஈழகேசரியைத் தொடங்கினார். கணேசையரின் குறிப்புக்களுடன் தொல்காப்பியத்தை வெளியிட்ட பெருமையும் அவருக்குரியது. சந்தை கூடும் ஓர் ஊரின் புத்தக வணிகர், பத்திரிகையின் துணையால் நாடெங்கும் அறியப்பட்டார். அச்சின் நற்பயனுக்கு இஃதொரு சான்று. அதே அச்சு, எந்நோயையும் ஒரே புட்டியால் தீர்ப்போம் என்ற மருந்து விளம்பரங்களையும் வீடுதோறும் கொண்டு சென்றது. மாட்டுவண்டியின் இருபுறமும் தட்டி கட்டி, மேளம் முழக்கித் துண்டுப் பிரசுரம் வீசிய சினிமா விளம்பரமும் சிற்றூர்த் தெருக்களை நிறைத்தது.

அடுத்து வந்தது வானொலி. 1925ஆம் ஆண்டு டிசம்பரிலே கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது. 1950ஆம் ஆண்டு செப்டெம்பரிலே வர்த்தக ஒலிபரப்புத் தோன்றியது. உமணர் மகளின் குரல் ஒரு சேரியை எட்டியது. இலங்கை வானொலியின் குரலோ கடல் கடந்து தென்னிந்தியாவையும் எட்டியது.

இம்மாற்றத்தால் நாம் பெற்றது பெரிது. இழந்ததும் ஒன்றுண்டு. கூவி விற்றவர் நாளையும் அதே தெருவால் வரவேண்டியவர். உப்பிலே மணல் இருந்தால், மறுநாள் படலையடியிலே அவரை மறித்துக் கேட்கலாம். சொல்லியவரும் விற்றவரும் ஒருவரே ஆதலால், சொல்லுக்குப் பொறுப்பாளி கண்முன்னே நின்றார். இன்றைய விளம்பரத்திலே சொல்பவர் ஒருவர், செய்பவர் ஒருவர், விற்பவர் மற்றொருவர். பொறுப்பு யாருடையது என்று தேடுவதற்குள் வாங்கியவரின் பொருள் தீர்ந்துவிடுகின்றது.

பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே வாணிகம் என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்திலே வகுத்தார். கொடியும் கூவலும் அச்சும் ஒலியும் காலத்துக்கேற்ப மாறலாம். அளக்கும் கொத்து சரியாயிருத்தல் வேண்டும்; கடைவாயில் எல்லார்க்கும் ஒப்பத் திறந்திருத்தல் வேண்டும். ஒரு விளம்பரத்தைக் கேட்கும்போது, இதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்ற வினாவை நேயர்கள் ஒவ்வொருவரும் எழுப்புவார்களாயின், பழைய சந்தையின் நல்ல பண்பொன்று மீண்டும் நம்மிடையே வாழும்.