கண்ணப்பர் கண்ணும் கார்னியாவும்

கண் மாற்று மருத்துவத்தைப் பற்றிப் பேசுவோர் கண்ணப்பரையே முதலில் நினைவுகூர்வர். சேக்கிழார் காட்டும் கண்ணப்பர் காளத்தியில் தம் கண்ணை இடந்து அப்பியது அன்பின் எல்லை. அதனை அறுவை மருத்துவத்தின் தொடக்கமாகக் கொள்ளுதல் பொருந்தாது. முழுக் கண்ணையும் மாற்றிப் பார்வை தரும் வழியை மருத்துவர் இன்றளவும் கண்டிலர். மாற்றப்படுவது விழியின் முகப்பில் கண்ணாடிபோல் அமைந்த, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உள்ள படலம். இதனைக் கார்னியா என்பர்.

1905 டிசம்பர் 7-ஆம் நாள் மொரேவியாவில் எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவர், சுண்ணாம்பினால் கண் வெந்த கூலியாள் ஒருவருக்கு இதனை மாற்றி வெற்றி கண்டார். இந்தியாவின் முதற் கண் வங்கியைச் சென்னையில் 1945-இல் நிறுவியவர் டாக்டர் ஆர். ஈ. எஸ். முத்தையா.

கார்னியா தெளிவாயிருப்பதற்குக் காரணம் அதன் உட்புறத்திலுள்ள ஒற்றை வரிசை உயிரணுக்களாம். கார்னியாவுக்குள் ஊறும் நீரை இவை ஓயாது வெளியேற்றுகின்றன. மனிதர்க்கு இவை அழிந்தால் மீண்டும் பெருகுவதில்லை. நீர் தேங்கிப் படலம் மங்கும். காலையில் புகைபோல் மறைத்த பார்வை பொழுது ஏற ஏறத் தெளிவது இந்நோயின் குறி. இரவில் இமை மூடியிருப்பதால் ஈரம் உலர வழியில்லை அன்றோ! வியன்னாவின் எர்ன்ஸ்ட் ஃபுக்ஸ் 1910-இல் இதனை விளக்கினார். நோய்க்கும் அவர் பெயரே நிலைத்தது.

உட்புறம் மட்டுமே கெட்டிருக்க, கார்னியா முழுவதையும் வெட்டித் தைப்பதே நெடுங்கால வழக்கம். அவ்வாறு தைத்த கண்ணில் பார்வை நிலைபெற ஓராண்டும் ஆகும். 1998-இல் நெதர்லாந்தின் கெரிட் மெல்லஸ் பின்பகுதியை மட்டும் மாற்றும் முறையை வெளியிட்டார். 2006-இல் உட்படலத்தை மட்டுமே வைக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. அதன் கனம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே! இதற்குத் தையல் இல்லை. காற்றுக் குமிழியொன்று அதனை அழுத்திப் பிடிக்கும். ஆகவே நோயாளி சில நாள் மல்லாந்து கிடத்தல் வேண்டும். முதல் நாட்களில் பார்வை மங்கலாகவே இருக்கும். புதிய அணுக்கள் நீரை இறைக்கத் தொடங்கியபின் சில வாரங்களில் தெளிவு வரும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தோன்றியது. பெட்டாலிங் ஜெயாவிலுள்ள துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை அதன் முயற்சியால் எழுந்ததே. இறந்தோர் கண்ணைப் பெறுதற்குரிய சட்டம் 1974-இலேயே வந்துவிட்டது. எனினும் இந்நாட்டில் பொருத்தப்படும் கார்னியாக்களிற் பல வெளிநாட்டினர் ஈந்தவை. 1961-இல் கண்தான இயக்கத்தைத் தொடங்கிய இலங்கையின் அட்சன் சில்வா, 1964-இலேயே சிங்கப்பூருக்குக் கண் அனுப்பியவர்.

முதுமையில் கண் எவர்க்கு உதவும் என்று எண்ணுவோர் உளர். முதியவர் கண்ணின் உட்படலமே பிரித்தெடுக்கவும் விரித்து வைக்கவும் எளிது என்பர் மருத்துவர்.