எழுத்து இடம்மாறிய வரலாறு: தமிழ்க் குறியீட்டின் பதிப்புகளும் இணக்கமும்

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணையே சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பது மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை. அவ்வுடன்படிக்கை திருத்தப்பட்ட போதெல்லாம் ஒரு புதிய பதிப்பு பிறந்தது. பழைய பதிப்பில் எழுதியவை புதியதில் படிக்க இயலாது போகும் இடரும் உடன் பிறந்தது. கோவில் திருப்பணி மலர்கள், சங்கங்களின் ஆண்டறிக்கைகள், பள்ளிப் பதிவேடுகள் எனக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் கணினியில் எழுதிவைத்தவற்றுள் எவை எஞ்சும் என்பது பெரும்பாலும் இந்தப் பதிப்புக் கணக்கைப் பொறுத்ததே.

இவ்வரலாற்றில் மலேசியாவுக்குத் தனியிடம் உண்டு. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருள், பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்து, நம் நாட்டில் தமிழ்த் தட்டச்சின் மறுபெயராகவே விளங்கிற்று. எனினும் அக்காலத்தில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிக் குறியீட்டு முறை வகுத்திருந்தனர். ஓர் எழுத்துருவில் அடித்த கட்டுரையை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற எழுத்துக் குவியலே தெரியும். ஆகவே அச்சகத்துக்குக் கோப்பை அனுப்புவோர் எழுத்துருவையும் வட்டில் சேர்த்து அனுப்பினர். அந்நாளில் இணக்கம் என்பது அவ்வளவே.

பல நாடுகளிலிருந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து ‘டிஸ்கி’ என்னும் பொதுக் குறியீட்டை உருவாக்கினர். மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனும் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரமும் அம்முயற்சியில் முன்னின்றனர். 256 இடங்களுள் முதற்பாதி ஆங்கிலத்துக்கு, பிற்பாதி தமிழுக்கு. தொடக்கத்தில் இகர உயிருக்கு 173ஆம் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதுவே வினையாயிற்று. உலகப் பொதுத் தரத்தில் 173 என்பது சொல்லை வரியின் இறுதியில் முறிப்பதற்கான மறைகோடு. வரி அங்கே முறியாதவரை அக்கோடு கண்ணுக்குத் தெரியாது. உலாவிகள் அத்தரத்தைப் பின்பற்றியதால் ‘இ’ பக்கத்திலிருந்து மறைந்துபோகும். ‘இலக்கியம்’ என்று எழுதினால் ‘லக்கியம்’ என்று தோன்றும். கோப்பில் பிழை இல்லை, எழுத்துருவிலும் இல்லை. இரண்டு உடன்படிக்கைகள் ஒரே எண்ணின்மேல் மோதிக்கொண்டன. 1.7 என்னும் பதிப்பில் இகரம் 254ஆம் இடத்துக்குப் பெயர்க்கப்பட்டது. ஒரே ஓர் எழுத்தின் பெயர்ச்சிதான். ஆயினும் பழைய கோப்பு, புதிய எழுத்துரு என்னும் சேர்க்கையைக் கையாள வேண்டியிருந்தவருக்கு அது சிறிய செய்தியன்று.

இதற்கிடையே 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழக அரசு ‘டாப்’, ‘டாம்’ என்னும் வேறிரு குறியீடுகளை ஏற்றது. மாநாடுகளை ஒருங்கிணைக்க 2000இல் உத்தமம் அமைப்புத் தோன்றியது. 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடு கூடியது. தரம் ஒன்று வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எத்தரம் என்பதில்தான் இழுபறி. அந்த இழுபறிக்குத் தீர்வு தமிழுலகுக்கு வெளியிலிருந்து வந்தது என்பதே என் கருத்து.

1991இல் முதற்பதிப்புக் கண்ட ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி கிடைத்தது. ஆனால் இடம் கிடைத்ததும் எழுத்துத் திரையில் தோன்றிவிடவில்லை. டிஸ்கியில் ‘கோலாலம்பூர்’ என்னும் சொல்லின் முதற்குறி இரட்டைக்கொம்பு. கண்ணுக்குத் தெரியும் வரிசையே சேமிப்பின் வரிசை. ஒருங்குறியிலோ ககரம் முதலிலும் ஓகாரக் குறி அதன் பின்னும் நிற்கும். கொம்பை முன்னே கொணர்ந்து நிறுத்துவது இயங்குதளத்தின் வேலை. அவ்வேலையை அறிந்த முதல் விண்டோஸ், லதா எழுத்துருவுடன் வந்த விண்டோஸ் 2000. எக்ஸ்பியிலும் சிக்கலெழுத்து ஆதரவை அமைப்புகளில் தேடிச்சென்று இயக்கினால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். அதை அறியாமல் ‘ஒருங்குறித் தமிழ் உடைந்து தெரிகிறது’ என்று பழைய எழுத்துருவுக்கே திரும்பியவர் பலர். குறை குறியீட்டில் இல்லை.

முறைமை நிருவாகியின் பணி இதன்பின் வழங்கிக்குள் நகர்ந்தது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 4.1ஆம் பதிப்பிற்குப் பிறகே ஒருங்குறி ஆதரவு வந்தது. அப்போதும் இயல்பிருப்பு இலத்தீன் எழுத்துத் தொகுதிதான். தமிழை இலத்தீன் என்று நம்பிச் சேமித்த அட்டவணைகளைப் பின்னர் மேம்படுத்தியபோது, தமிழ்ப் பெயர்கள் தலையில் கோடு தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளாய் மாறின. பைட்டுகள் அழியவில்லை, பெயர்ப்பலகை மட்டுமே தவறு. அதைப் புரிந்துகொண்ட நிருவாகி மீட்டார். புரியாதவர் அத்தவற்றின்மேல் மறுபடியும் மாற்றம் செய்து இரட்டைச் சிக்கலாக்கினார்.

நுண்ணிய சிக்கல் ஒன்று நம் ஊர்ப் பெயர்களிலேயே உள்ளது. 2005இல் வெளியான ஒருங்குறி 4.1, ‘ஶ’ என்னும் எழுத்தைச் சேர்த்தது. அதுவரை சகர வரிசைக் கிரந்தமான ‘ஸ’வைக் கொண்டு எழுதப்பட்ட ‘ஸ்ரீ’க்கு, அப்புதிய எழுத்தைக் கொண்ட வேறொரு தொடரும் உரியதாயிற்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவாய்த் தெரியும்; கணினிக்கோ அவை வெவ்வேறு. பிரிக்பீல்ட்ஸ் ஸ்ரீ கந்தசுவாமி கோவிலின் பெயர் ஒரு பட்டியலில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் மற்றொருவிதமாகவும் பதிவாகியிருப்பின், தேடுவோர்க்கு ஒன்றே கிட்டும். சேர்த்த எழுத்தை நீக்கவோ இடம்மாற்றவோ கூடாது என்பது ஒருங்குறியின் உறுதி. டிஸ்கியின் இகரம் பட்ட பாட்டை எண்ணினால் அவ்வுறுதி நன்றே; இரு வடிவத்தையும் ஒன்றாகக் கருதுமாறு தேடலை அமைப்பது நிருவாகியின் பொறுப்பாகிறது.

2019இல் வந்த 12ஆம் பதிப்பு, முந்திரி முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் அளவைக் குறிகளுக்கும் இடம் தந்தது. வழக்கமான தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யுடிஎப்-8 முறையில் மூன்று பைட் கொள்ளும், இக்குறிகளோ நான்கு. மைஎஸ்க்யூஎல் பழைய ‘யுடிஎப்8’ மூன்றுக்கு மேல் ஏற்காது. கண்டிப்பு முறை இயங்காத வழங்கியில் அக்குறியோடு எஞ்சிய உரையும் அறுந்துபோகும், பிழைச்செய்திக்குப் பதில் ஓர் எச்சரிக்கை மட்டுமே பதிவாகும். பழைய நிலக்கணக்கு ஏடுகளை மின்னுருவாக்க விழையும் நூலகம், முதல் ஏட்டைத் தட்டச்சிடுமுன்பே அட்டவணையை நான்கு பைட் வகைக்கு மாற்றியிருத்தல் வேண்டும்.