தறியில் இரண்டாவது ஆள்

ரோபோ வந்துவிட்டால் மனுஷனுக்கு வேலை இருக்குமா? டீக்கடையில் இருந்து டிவி விவாதம் வரைக்கும் இப்போ இதுதான் பேச்சு. என்னைக் கேட்டால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கணும். இயந்திரம் வரும்போது யாருடைய வேலை போகிறது, அந்த ஆளை நாம் முதலில் கணக்கில் வைத்திருந்தோமா? இப்படிக் கேட்டால் பதில் தேட ஜப்பான், ஜெர்மனி வரைக்கும் போக வேண்டாம். காஞ்சிபுரம் பட்டுத் தறியே போதும்.

தறியில் ஒரு ஆள்தான் இருக்கிறார் என்று நினைக்கிறோம். படங்களிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள்: குழித்தறியில் கால் தொங்கப் போட்டு ஒரு பெரியவர், கையில் நாடா. ஆனால் பழைய காஞ்சிபுரம் தறி ஒற்றை ஆளின் தறியே இல்லை. அதற்கு இரண்டு காரணங்கள்.

முதல் காரணம் அடை. கரையிலும் முந்தியிலும் வருகிற அன்னம், மயில், ருத்ராட்சம் எல்லாம் எப்படி வருகின்றன? ஊடை ஒவ்வொரு தடவை ஓடும்போதும் பாவில் சில இழைகள் மட்டும் மேலே தூக்க வேண்டும். மற்றவை கீழேயே இருக்க வேண்டும். அடுத்த வரிசையில் வேறு இழைகள். எந்த வரிசைக்கு எந்த இழை என்பதை நூல்களாகவே கட்டித் தறியில் தொங்கவிட்டிருப்பார்கள். அதுதான் அடை. நெசவாளர் நாடாவைத் தள்ளுவதற்கு முன்னால் இன்னொரு ஆள் சரியான அடை நூலைப் பிடித்து இழுக்க வேண்டும். இன்றைய பாஷையில் சொன்னால், அடை ஒரு புரோகிராம், அதை வரிவரியாக ஓட்டுகிறவர் அந்த இரண்டாவது ஆள்.

இரண்டாவது காரணம் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் சேரும் இடத்தில் ஊடை இழைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள வேண்டும். இதற்கு மூன்று நாடாக்கள்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று. சேலையின் அகலத்துக்கு ஒருவர் கை எட்டாது. ஒரு பக்கத்தில் நெசவாளர், மறுபக்கத்தில் துணையாள். ஒவ்வொரு வரிசையிலும் நாடா கைமாற வேண்டும்.

இப்போது லியோனுக்கு ஒரு எட்டு போய்வருவோம். பிரான்சின் பட்டு நகரம் அது. அங்கேயும் பூவேலைத் தறியில் இதே இரண்டாவது ஆள் உண்டு; கயிறுகளை இழுப்பதுதான் வேலை, பெரும்பாலும் சிறுவர்கள். இந்த இழுப்பு வேலையை இயந்திரத்திடம் கொடுக்க 1725-இல் புஷோன் துளையிட்ட காகிதச் சுருளோடு முயன்றார். சில வருஷத்தில் ஃபால்கோன் அட்டைகளுக்கு மாறினார். 1740-களில் வோகான்சோன் தானே இயங்கும் தறி ஒன்றைச் செய்தார். இவற்றையெல்லாம் சேர்த்து 1804-இல் வேலைக்கு ஆகிற மாதிரி செய்து காட்டியவர் ஜோசஃப் மாரி ஜக்கார்டு.

விஷயம் ரொம்ப எளிமை. ஒரு ஊடை வரிசைக்கு ஒரு அட்டை. அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், அதன் கொக்கி மேலே தூக்கப்படும், அதில் கட்டிய இழைகளும் தூக்கப்படும். துளை இல்லாவிட்டால் ஊசி பின்னால் தள்ளப்படும், இழை கீழேயே கிடக்கும். உண்டு, இல்லை, அவ்வளவுதான். 1839-இல் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள். அதில் ஒரு பிரதியை சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார், தன் கணிப்பொறித் திட்டத்துக்கும் துளை அட்டையையே எடுத்துக்கொண்டார். கணினி வரலாறு எழுதுபவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் நின்று கைதட்டுவார்கள். கயிறு இழுத்த பையன் எங்கே போனான் என்று யாரும் கேட்பதில்லை.

நம்ம ஊருக்குத் திரும்புவோம். 20-ஆம் நூற்றாண்டில் ஜக்கார்டு காஞ்சிபுரத்துத் தறிகளின் மேல் ஏறியது. நூற்றாண்டின் நடுவில் இருந்து அடை மெல்ல மறைந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்கணும். ஜக்கார்டு பெட்டி வந்ததால் கைத்தறி விசைத்தறி ஆகிவிடவில்லை. பெட்டியைத் தூக்குவது நெசவாளரின் கால்தான். நாடா அவர் கையில், ஊடையை அடிப்பதும் அவர் கை. எந்த இழை என்று முடிவு செய்வது மட்டும் அட்டைக்குப் போனது. அடை இழுத்தவருக்கு வேலை இல்லை. அதற்குப் பதிலாகப் புது வேலைகள் வந்தன: கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைபவர், அதைப் பார்த்து அட்டை குத்துபவர், அட்டைகளை வரிசையாகக் கோர்ப்பவர். ஆனால் இழுத்தவரே குத்துபவர் ஆகவில்லை. வேலை போன இடம் ஒன்று, வந்த இடம் வேறு. 'ஒரு வேலை போனால் பத்து வேலை வரும்' என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

சரி, கோர்வையின் துணையாள்? அவரை இயந்திரத்தால் அசைக்க முடியவில்லை. இங்கிலாந்தில் ஜான் கே 1733-இல் கொண்டுவந்த விசை நாடாவை, 1900-களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சேலத்தில் நெசவுக்கூடம் வைத்துப் பரப்பினார். பருத்தி நெசவில் அது பெரிய மாற்றம். கோர்வைக்கு அது உதவாது. ஒரே நாடா இந்த முனையில் இருந்து அந்த முனைக்குப் பறந்தால் கரையில் நிறம் எப்படி மாறும்? ஆக, இரண்டாவது ஆள் தறியிலேயே இருந்தார்.

யார் அவர்? பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை, இல்லாவிட்டால் முன்பணம் கொடுத்துப் பிடித்த அடுத்த வீட்டுப் பிள்ளை, இல்லாவிட்டால் மனைவி. கூலி சேலைக்கு இவ்வளவு என்று நெசவாளர் பெயரில்தான் வரும். வெளியாளுக்கு அதிலிருந்து கொஞ்சம் போகும். மனைவிக்கு அதுவும் கிடையாது. தார் சுற்றுவதும் அவள்தான், நாடா வாங்கித் தள்ளுவதும் அவள்தான்.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2000-களில் இந்திய அரசும் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து நடத்திய இண்டஸ் திட்டத்தில் தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. பிள்ளைகள் தறியை விட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். போக வேண்டியதுதான், அதில் இரண்டு கருத்தே இல்லை. ஆனால் அதோடு ஒரு கணக்கும் வெளியே வந்தது: கோர்வைச் சேலையின் விலையில் துணையாளின் கூலி சரியாகச் சேர்க்கப்பட்டதே இல்லை.

எங்க ஐயங்கார்குளத்துக்கு நடவாவிக் கிணறு பார்க்க வருகிறவர்கள் திரும்பும்போது காஞ்சியில் பட்டுக்கடைக்குள் நுழையாமல் போவதில்லை. 'முன்ன மாதிரி கோர்வை வர்றதில்லையே' என்ற வருத்தம் அங்கே அடிக்கடி கேட்கும். கலை அழிகிறது என்பார்கள். எதிர்ப்பக்கம் உட்கார ஆள் இல்லை என்பதுதான் பச்சையான காரணம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. தறிவீட்டுப் பிள்ளை இன்று கம்பெனி பஸ் ஏறிப் போய் ரோபோவுக்குப் பக்கத்தில் நிற்கிறான். அங்கே வெல்டிங் கை இயந்திரத்துடையது, பாகத்தை எடுத்து வைப்பதும் சரிபார்ப்பதும் இவனுடையது. அங்கேயும் இவன் இரண்டாவது ஆள்தான். ஒரே வித்தியாசம், மாசம் பிறந்தால் சம்பளச் சீட்டில் இவன் பெயர் இருக்கும்.

கடைசியாகச் சட்டம். 1985-ஆம் வருஷக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் பட்டுச் சேலை உள்ளிட்ட சில வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. அதன்படி, விசைத்தறி அல்லாத எல்லாத் தறியும் கைத்தறி. மனிதனோ விலங்கோ தராத சக்தியில் ஓடினால் விசைத்தறி. கேட்க நேராக இருக்கிறது. ஆனால் ஜக்கார்டு பெட்டியை மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்த ஒருவர் அதைத் தூக்க மட்டும் ஒரு சின்ன மோட்டார் வைத்தால்? நாடாவும் அடியும் கையில்தான் இருக்கின்றன. மத்திய அரசே நெசவாளர் உபகரணத் திட்டத்தில் 90 சதவீதம் விலையை ஏற்று இந்த மாதிரிக் கருவிகளைத் தருகிறது. அட்டைக்குப் பதில் கணினியில் இயங்கும் மின்னணு ஜக்கார்டும் வந்தாச்சு. இன்னொரு பக்கம், 'ஏதாவது ஒரு வேலை கையால் நடந்தாலும் கைத்தறிதான்' என்று வரையறையைத் தளர்த்தும் யோசனை 2010-களின் தொடக்கத்தில் வந்தபோது பலத்த எதிர்ப்பு. எதிர்த்தவர்களின் பயம் நியாயமானது. அந்த வாசல் திறந்தால் விசைத்தறி முழுசாக உள்ளே வந்துவிடும்.

என் கருத்து இதுதான். கோட்டை மின்சாரத்தில் போடாமல் வேலையில் போட வேண்டும். இழை தூக்குவது, பாரம் சுமப்பது, அட்டை மாற்றுவது இயந்திரத்துக்குப் போகட்டும், முழங்கால் மிஞ்சும். நாடாவைத் தள்ளுவதும் கரையைப் பூட்டுவதும் கையிடம் இருக்கட்டும். சேலைக்குக் காஞ்சிபுரம் என்று பெயர் வாங்கிக் கொடுத்தது அதுதான். அந்தக் கைகள் நான்கு. கூலிச் சீட்டில் இரண்டாவது பெயரும் ஏறாதவரை, எந்த மோட்டாரைக் கொண்டுவந்தாலும் கோர்வைத் தறியின் எதிர்ப்பக்கம் காலியாகத்தான் இருக்கும்.