பின்தொடர்தலும் போலி செய்தலும்

ஒருவர் செய்ததைக் கண்டு மற்றவரும் அவ்வாறே செய்வதை ஆங்கிலத்தில் 'ஃபாலோ சூட்' என்பார்கள். இத்தொடரை எழுதும் மாணவர்கள் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். இடையே 'தி' என்பதைச் செருகுகிறார்கள். அல்லது 'சூட்' என்பதன் ஈற்றில் ஓர் 'இ' எழுத்தைச் சேர்த்து, விடுதி அறைத்தொகுதியைக் குறிக்கும் 'ஸ்வீட்' ஆக்கிவிடுகிறார்கள். இரண்டும் பிழையே. பட்டு நெய்யும் ஆரணியில் வளர்ந்த மாணவன் 'சூட்' என்றதும் உடையை எண்ணினால் அவனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் இத்தொடர் பிறந்தது தையற்கடையில் அன்று, சீட்டாட்டத்தில்.

சீட்டுக்கட்டில் ஆட்டின், இஸ்பேட், டைமன், கிளாவர் என நான்கு இனங்கள் உண்டல்லவா? ஓர் இனத்திற்குப் பெயர்தான் 'சூட்'. முதலில் ஆடுபவர் ஆட்டின் இறக்கினால், கையில் ஆட்டின் வைத்திருப்பவர் அதையே இறக்கவேண்டும். 'பின்தொடர்' என்று பொருள்படும் லத்தீன் வினையொன்று பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து, சீட்டின் இனத்துக்கும், ஒன்றுக்கொன்று பொருந்திய மேற்சட்டை காற்சட்டைக்கும், நீதிமன்ற வழக்குக்கும் பெயராயிற்று. ஆகவே இத்தொடருக்குள் 'பின்தொடர்' என்பது இருமுறை ஒளிந்திருக்கிறது!

ஒன்று கவனிக்கத்தக்கது. இனம் ஒன்றாயினும் சீட்டு வேறு. அவர் ராஜாவை இறக்கினால் நான் இறக்குவது என் கையிலுள்ள ஒன்பதை. அவருடைய ராஜாவை அன்று.

ஆரணியின் கதையை இதனோடு பொருத்திப் பார்க்கலாம். கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இவ்வூர்த் தறிகள், பட்டும் சரிகையும் கொண்டு, புகழ்பெற்ற காஞ்சிபுரத்தின் இனத்திலேயே சேலை நெய்கின்றன. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ்க் காஞ்சிபுரப் பட்டு முதலில் பதிவாயிற்று. பின்னர் ஆரணிப் பட்டும் தன் சொந்தப் பெயரிலேயே பதிவாயிற்று. ஆரணி 'ஃபாலோவ்ட் சூட்' என்று இங்கே எழுதினால் மிகப் பொருத்தம்.

ஆனால் விசைத்தறியில் செயற்கை இழையால் நெய்த சேலையை ஆரணிப் பட்டு என்று விற்பவரை இத்தொடரால் குறிக்கலாமா? கூடாது. அவர் இறக்குவது தம் சீட்டை அன்று. 1804இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கும் பொறியை நிறைவாக்கினார். அந்த அட்டைகளைப் படியெடுத்தால் சித்திரம் முழுவதும் வேறொரு தறியில் அப்படியே இறங்கிவிடும். நெசவாளியின் பல நாள் உழைப்பு அவ்வாறு களவு போவதற்குப் போலி என்பதே பெயர்.

இந்தச் சச்சரவு நீதிமன்றமும் ஏறியது. சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து விசைத்தறியாளர் வழக்காடினர். உச்ச நீதிமன்றம் 1993இல் அச்சட்டம் செல்லுமென்று தீர்ப்பளித்தது. பதிவு பெற்ற ஊர்ப்பெயரைப் பொய்யாகப் பொருளின்மீது பொறிப்பவருக்கோ, 1999ஆம் ஆண்டுச் சட்டம் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது.