கல்லும் கோடியும்

செங்கல்பட்டுச் சீமை இறந்தவர்களைக் கல்லில் நினைத்த சீமை. சாணூரில் 1950களின் தொடக்கத்தில் அகழ்ந்த கல்வட்டங்கள் அதற்குச் சாட்சி. நம் சிங்கப்பெருமாள் கோவிலில் குன்றைக் குடைந்து கோவில் கண்டவர்களும் கல்லைத்தான் நம்பினார்கள். ஆனால் சாவு வீட்டுக்கு முதலில் வருவது துணி. யார் கோடித்துணி முதலில் என்ற தகராறில் பிணம் எடுக்க நேரமாகாத ஊர் உண்டா? அந்தக் கோடியும் சுடுகாட்டோடு சரி.

நீலகிரித் தோடர்கள் இறந்தவரைப் பூத்தையல் போட்ட பூத்துக்குளி என்ற போர்வையில்தான் போர்த்துகிறார்கள். முரட்டு வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாக நூல். மாதிரி வரைந்துகொள்வதில்லை, பெண்கள் இழையை எண்ணி எண்ணி ஊசி ஏற்றுகிறார்கள். தைப்பது துணியின் பின்புறத்தில். நூல் மேடிட்டு நிற்கும் பக்கத்தை நாம் உள்ளே மறைப்போம். அவர்களுக்கு அதுதான் வெளிப்பக்கம். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கைப்பையும் மேசை விரிப்புமாக ஊட்டிக் கடைகளில் தொங்குவது எதிலிருந்து வந்தது என்று வாங்குகிறவர்களில் எத்தனை பேர் கேட்டார்களோ!

துணியை எரிக்காமல், புதைக்காமல், இருப்பவர்கள் கையிலேயே வைத்துக்கொண்டது அமெரிக்காவின் எய்ட்ஸ் நினைவுப் போர்வை. சான்பிரான்சிஸ்கோவில் 1985 நவம்பரில் ஓர் அஞ்சலி ஊர்வலம். எய்ட்ஸில் இறந்தவர்களின் பெயர் அட்டைகளை அரசுக் கட்டடச் சுவரில் ஒட்டினார்கள். ஒட்டுத்துணிப் போர்வைபோல இருக்கிறதே என்று ஊர்வலத்தில் இருந்த கிளீவ் ஜோன்ஸுக்குத் தோன்றியது. அப்படிப் பிறந்த போர்வையில் ஒரு துண்டு மூன்றடிக்கு ஆறடி, அதாவது ஒரு சவக்குழி அளவு. தைத்தவர்கள் தாயும் காதலனும் நண்பர்களும். இறந்தவரின் சட்டை, ஜீன்ஸ், பொம்மை எல்லாம் அதில் ஏறின. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் 1,920 துண்டுகளை விரித்தார்கள். இன்று ஏறக்குறைய 50,000. வீட்டார் சம்மதிக்காததால் முதற்பெயர் மட்டும் தாங்கிய துண்டுகளும் உண்டு.

ஈழத்து இடப்பெயர்வைத் துணியில் தைக்கிறவர் ஹேமா ஷிரோனி. 1991இல் கண்டியில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்றவர். ஊர் மாறி ஊர் போனவர்களின் வீட்டு நினைவு அவருடைய கைத்தையலில் வருகிறது. கலைக்கூடத்துக்குரிய வேலைதான், ஆனாலும் ஊசி வீட்டு ஊசி.

இனி நம் செங்கல்பட்டு ரயில் பாதைக்கு வருவோம். 1928இல் டாக்டர் சவுரி முத்து காசநோய்க்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், பிற்பாடு நாட்டின் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களுள் ஒன்றானது. டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் 1986இல் நாட்டிலேயே முதன்முதலாக இந்தத் தொற்றைக் கண்டறிந்ததும் சென்னையில்தான். 2004 ஏப்ரல் 1 அன்று இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அதற்கு முந்திய ஆண்டுகளில் அங்கே மாண்டவர்களுக்கு இந்த வட்டாரம் ஒரு துணி கடன்பட்டிருக்கிறது என்பது என் கட்சி. பெயர் போடுவது எளிதல்ல. சம்மதமின்றி ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிட 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. குடும்பங்களின் அச்சமோ சட்டத்துக்கும் மூத்தது. பெயரில்லாமலே தைக்கலாம். பழம்புடவையை மடித்து நூலோட்டிப் பிள்ளைக்குப் போர்வை தைக்கத் தெரிந்த பெண்கள் மறைமலை நகரிலிருந்து குரோம்பேட்டை வரை இருக்கிறார்கள். யாராவது கேட்க வேண்டும்.