தவிட்டோடு போன சத்து

இண்டூர்ப் பக்கம் களி கிண்டுவது குறைந்து வெள்ளைச் சோறு பெருகிவிட்டது. சோற்றின் மேல் பழி இல்லை. மில்லில் தீட்டுகிற விதத்தில்தான் சங்கதி இருக்கிறது.

அந்தக் காலச் சென்னை மாகாணத்தின் வட ஜில்லாக்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரையில், தீட்டிய பச்சரிசி தின்றவர்களைப் பெரிபெரி நோய் பிடித்தது. கால் மரத்துப் போகும், வீங்கும். முற்றினால் இருதயம் தளர்ந்து உயிரே போகும். இதை ஆராயத்தான் 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஓர் அறையில், டாக்டர் மெக்காரிசன் வேலை தொடங்கினார். அதற்கும் முன்னால் ஜாவாத் தீவில் எய்க்மான் என்ற டாக்டர் கோழிகளிடம் ஒன்றைப் பார்த்திருந்தார். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுந்தன. தீட்டாத அரிசி போட்டதும் எழுந்து நடந்தன.

தவிட்டோடு போனது தயாமின் என்ற வைட்டமின். சோற்று மாவைக் குடல் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விட்டாலும், அதைத் தெம்பாக மாற்ற தயாமின் வேண்டும். இல்லையென்றால் விறகு இருந்தும் அடுப்பு எரியாத கதைதான்.

புழுங்கலரிசி தின்ற ஊர்களில் இந்த நோய் குறைவு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம்ம பாட்டிமார் ஆய்வுக்கூடம் வைத்தா இதைச் செய்தார்கள்?

கேழ்வரகை நாம் தோலோடு அரைக்கிறோம். 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம்; தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் இருந்தால் அதிகம். மாவை நைசாகச் சலித்துத் தவிட்டை மாட்டுக்குப் போடுகிறவர்கள் மாட்டைத்தான் வளர்க்கிறார்கள்!

குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. 2023-ல் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தமிழக அரசு முதலில் எடுத்துக்கொண்டவை இரண்டே மாவட்டங்கள்: குன்னூர் இருக்கும் நீலகிரி, அப்புறம் நம்ம தர்மபுரி.