தானுந்துப் பொறி இசைவாக்கம்

தானுந்துப் பொறி இசைவாக்கம் என்பது, தானுந்தின் உள் எரி பொறிக்குச் செல்லும் எரிபொருளின் அளவையும், தீப்பொறி எழும் நேரத்தையும் அப்பொறியின் அமைப்புக்குப் பொருந்துமாறு திருத்தி அமைக்கும் பணி ஆகும். பணிமனைகளில் இது டியூனிங் என வழங்கப்படுகின்றது. தயாரிப்பாளர் பொருத்திய பாகங்களை நீக்கிவிட்டு, திறனைக் கூட்டும் வெளிச்சந்தைப் பாகங்களைப் பொருத்திய பின்னர் இப்பணி இன்றியமையாததாகும். இதனைச் செய்யாவிடின் புதிய பாகங்களின் பயன் கிட்டாததோடு, பொறியே பழுதடையவும் கூடும்.

தேவை

பெட்ரோல் பொறியின் திறன், அது உள்ளிழுக்கும் காற்றின் நிறையைப் பொறுத்தது. அக்காற்றுக்கு ஏற்ற எரிபொருளை வழங்குவதும், உரிய கணத்தில் தீமூட்டுவதும் பொறிக் கட்டுப்பாட்டுக் கணினியின் வேலை. சில தானுந்துகளில் காற்றின் அளவை ஓர் உணரி நேரடியாக அளக்கின்றது. வேறு பலவற்றில் உள்ளெடுப்புக் குழாயின் அழுத்தம், காற்றின் வெப்பநிலை, பொறியின் சுழற்சி வேகம் ஆகியவற்றிலிருந்து காற்றின் அளவு கணக்கிடப்படுகின்றது. இக்கணக்குக்கான அட்டவணை, தயாரிப்பாளரின் பாகங்களைக் கொண்டு சோதித்து உருவாக்கப்பட்டதாகும். பாகம் மாறினால் காற்றோட்டம் மாறும். அட்டவணை தானாக மாறுவதில்லை.

புகைக்குழாயில் உள்ள ஆக்சிசன் உணரி இப்பிழையை ஓரளவு திருத்தும். எனினும் பல தானுந்துகளில் இத்திருத்தம் ஓய்வுச் சுழற்சியிலும், மிதமான ஓட்டத்திலும் மட்டுமே செயற்படுகின்றது. முடுக்கியை முழுவதும் மிதிக்கும்போது கணினி உணரியை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் நம்புகின்றது. எனவே நகருக்குள் குறையின்றி ஓடும் வண்டி, நெடுஞ்சாலையில் முழு விசையுடன் செலுத்தப்படும்போது பழுதடையக் கூடும். பொறிக்கு மிகுந்த வெப்பமும் அழுத்தமும் ஏற்படுவதும் அவ்வேளையில்தான்.

பாகங்களும் விளைவுகளும்

காற்று வடிகட்டி: தடை குறைந்த வடிகட்டியால் கிடைக்கும் கூடுதல் திறன் பெரும்பாலும் சிறிதே. உறையில்லாத வடிகட்டி பொறி அறையின் சூடான காற்றை இழுத்தால் திறன் குறையவும் கூடும். 30 பாகை செல்சியசில் உள்ள காற்றைவிட 60 பாகையில் உள்ள காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறைவு.

புகைபோக்கி: எரிந்த வளிமம் எளிதில் வெளியேறுவதால் உயர் சுழற்சியில் பொறி கூடுதலாகக் காற்றை உள்ளிழுக்கும். எரிபொருள் அதற்கேற்பக் கூட்டப்படாவிடின் கலவை மெலியும்.

கேம் தண்டு: வால்வுகள் திறந்திருக்கும் காலத்தை நீட்டிக்கும் கேம் தண்டு உயர் சுழற்சியில் திறனைக் கூட்டும். அதே வேளையில் தாழ் சுழற்சியில் முறுக்குவிசை குறைந்து, ஓய்வுச் சுழற்சி நிலையற்றதாகும்.

எரிபொருள் தெளிப்பான்: நிமிடத்திற்கு 200 மில்லிலீட்டர் தெளிப்பானுக்கு மாற்றாக 300 மில்லிலீட்டர் தெளிப்பானைப் பொருத்தினால், அது திறந்திருக்கும் நேரத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்க வேண்டும்.

டர்போ மிகையூட்டி: காற்றை அமுக்கி உட்செலுத்துவதால் திறன் பெரிதும் கூடும். எரிபொருள், தீமூட்டும் நேரம் ஆகிய இரண்டையும் முழுமையாக மாற்றி அமைக்காமல் இதனை இயக்குதல் கூடாது.

செய்முறை

முதலில் பொறியின் நலம் சோதிக்கப்படும். உருளைகளின் அமுக்கம், தீப்பொறிச் செருகிகள், எரிபொருள் அழுத்தம், காற்றுக் கசிவு ஆகியன சரிபார்க்கப்பட வேண்டும். தேய்ந்த பொறியை இசைவாக்கத்தால் சீர்செய்ய இயலாது.

அடுத்து, தானுந்து திறன்மானியின் உருளைகள் மீது நிறுத்தப்பட்டு, அதன் திறனும் முறுக்குவிசையும் அளக்கப்படும். புகைக்குழாயில் அகலப்பட்டை ஆக்சிசன் உணரி பொருத்தப்படும். இது லாம்டா என்னும் எண்ணைக் காட்டும். எரிபொருள் முழுவதும் எரியத் தேவையான காற்று சரியாக இருப்பின் லாம்டா 1 ஆகும். அதற்கு மேற்பட்டால் கலவை மெலிந்தது, கீழ்ப்பட்டால் செறிந்தது. இயற்கையாகக் காற்றை உள்ளிழுக்கும் பொறிகள் முழு விசையில் பெரும்பாலும் 0.85 முதல் 0.90 வரையான லாம்டாவில் மிகுந்த திறனைத் தருகின்றன.

ஓய்வுச் சுழற்சி, குறைந்த சுமை, முழுச் சுமை என்ற வரிசையில் எரிபொருள் அட்டவணை திருத்தப்படும். அதன் பின்னரே தீமூட்டும் நேரம் திருத்தப்படும். கலவை எரிய நேரம் பிடிப்பதால், பிசுட்டன் உச்சியை அடைவதற்கு முன்னரே தீப்பொறி எழ வேண்டும். இந்நேரம் ஒவ்வொரு பாகையாக முன்னகர்த்தப்பட்டு, முறுக்குவிசை உயர்வது நிற்கும் இடத்தில் நிறுத்தப்படும். அதற்கு முன்னரே தட்டல் எழுமாயின், பாதுகாப்பான இடைவெளி விட்டுப் பின்வாங்க வேண்டும்.

மாருதி 800 வண்டியின் தொடக்கக் காலப் பொறி போன்ற காபுரேட்டர் பொறிகளில் அட்டவணை இல்லை. அவற்றில் ஜெட்டுகளை மாற்றியும், டிசுட்ரிபியூட்டரைத் திருப்பியும் இதே பணி செய்யப்படும். தீப்பொறிச் செருகியின் முனை வெளுத்திருந்தால் கலவை மெலிந்தது என்றும், கரி படிந்திருந்தால் செறிந்தது என்றும் பழகிய மெக்கானிக்குகள் அறிவர்.

தட்டலும் எரிபொருளும்

தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் எட்டும் முன்னரே, எஞ்சிய கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானே வெடித்து எரிவது தட்டல் எனப்படும். தொடர்ந்து தட்டல் ஏற்படின் பிசுட்டனின் விளிம்பு உடையும், தலைப்பகுதியின் அடைப்புத் தகடு சிதையும். எரிபொருள் தட்டலைத் தாங்கும் தன்மையை ஆக்டேன் எண் குறிக்கின்றது. பாரத் நிலை 6 நெறிகளின்படி இந்தியாவில் சாதாரண பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேன் எண் 91 என வரையறுக்கப்பட்டது. 100 ஆக்டேன் பெட்ரோலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 திசம்பரில் அறிமுகப்படுத்தியது. உயர் ஆக்டேன் எரிபொருளைக் கொண்டு இசைவாக்கம் செய்த பொறியில் சாதாரண பெட்ரோலை நிரப்புவது தீங்கானது. சென்னையின் கோடை வெப்பம் இத்தீங்கை மேலும் கூட்டும்.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பெப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. தூய பெட்ரோல் எரிய அதன் நிறையைப் போல 14.7 மடங்கு காற்று தேவை. இக்கலவைக்கு ஏறத்தாழ 13.5 மடங்கு போதும். எனவே தூய பெட்ரோலுக்கு அமைத்த அட்டவணையில் இதனைப் பயன்படுத்தினால் கலவை மெலியும். எத்தனால் தட்டலை நன்கு தாங்கும் என்றாலும், இம்மெலிவை ஈடுசெய்யக் கூடுதல் எரிபொருள் வழங்கப்பட வேண்டும்.

சென்னைப் பகுதியில்

தமிழ்நாட்டில் இக்கலை தானுந்துப் பந்தயத்தோடு இணைந்து வளர்ந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மதராசு மோட்டார் விளையாட்டுக் கழகம், சோழவரத்தில் இருந்த பழைய விமான ஓடுபாதையில் பந்தயங்களை நடத்தி வந்தது. பின்னர் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத்தடம் அமைக்கப்பட்டு, 1990இல் திறக்கப்பட்டது. ஆவடியிலிருந்து வரும் சாலை கரையான்சாவடியில் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையைச் சேர்கின்றது. அங்கிருந்து மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்றால் இத்தடத்தை அடையலாம்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த சு. கரிவரதன் மாருதி 800 பொறியைக் கொண்டு வடிவமைத்த ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகள் இத்தடத்தில் ஓடின. நரேன் கார்த்திகேயன் தம் பந்தய வாழ்வை இவ்வகை வண்டியில் தொடங்கினார். ஒரே வகைப் பொறியைக் கொண்டு நடைபெறும் இத்தகைய போட்டிகளில், நுணுக்கமான இசைவாக்கம் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் கூறுகளுள் ஒன்றாகும்.

சட்ட நிலை

பொதுச் சாலையில் ஓடும் தானுந்தைத் தயாரிப்பாளரின் மூலக் குறிப்புகளுக்கு மாறாக மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு தடை செய்கின்றது. இதனை உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் அளித்த தீர்ப்பில் உறுதி செய்தது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, இவ்வாறு மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வினையூக்கி மாற்றியை நீக்கினால் நச்சு வளிமங்கள் தூய்மையாகாமல் வெளியேறும். மேலும், தயாரிப்பாளரின் உத்தரவாதமும் காப்பீட்டு இழப்பீடும் மறுக்கப்படக் கூடும். இக்காரணங்களால் திறன் கூட்டும் மாற்றங்களுக்கு உரிய இடம் மூடிய பந்தயத்தடமே ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

உள் எரி பொறி
ஆக்டேன் எண்
டர்போ மிகையூட்டி
வினையூக்கி மாற்றி
இருங்காட்டுக்கோட்டை